வண்டி நிறுத்த ஒரே இடம்: பழைய காரா, உழைக்கிற வண்டியா?

பழைய கார் ஆசை வந்தவர்கள் முதலில் கேட்பது "எந்த மாடல் வாங்கலாம்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: "திங்கட்கிழமை காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் என்ன செய்வீர்கள்?" பஸ்ஸில் போய்விடுவேன் என்று சிரிப்பவருக்கு ஒரு வண்டி. பிள்ளையை யார் பள்ளிக்கூடத்தில் விடுவது என்று பதறுபவருக்கு வேறு வண்டி. மாடல் பெயரெல்லாம் அதற்கப்புறம்.

வழிகள் ஐந்து இருக்கின்றன. பழைய கார் ஒன்றை மட்டும் வைத்து அதிலேயே காலம் தள்ளுவது. தினசரிக்கு ஒன்று, ஆசைக்கு ஒன்று என இரண்டு வைத்துக்கொள்வது. பழையதாகவும் இருந்து பாரமும் சுமக்கிற வண்டி ஒன்றைப் பிடிப்பது. பதினைந்து, இருபது வருடமான சொகுசுக் காரை மலிவாக வாங்குவது. பழசே வேண்டாம் என்று உருப்படியான ஒரு வண்டியோடு நிறுத்திக்கொள்வது. எனக்கு மூன்றாவதில் ஒரு சாய்வு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எத்தனை பழசு என்பதுதான் முதல் கேள்வி

பழைய கார் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் அதற்குள் மூன்று தலைமுறைகள் இருக்கின்றன. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரும், ஸ்பார்க் விழும் நேரத்தை வைக்கும் பாயிண்டும் உள்ள வண்டிகள் முதல் தலைமுறை. தோராயமாக 1980-களின் தொடக்கம் வரை. இதில் எது கெட்டாலும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். அடுத்தது 1980-களின் நடுவிலிருந்து 1990-களின் நடுப்பகுதி வரை வந்தவை. ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது, சோக் இழுக்கும் வேலை இல்லை, ஆனால் வண்டி முழுவதற்கும் கம்ப்யூட்டர் ஒன்றோ இரண்டோதான். மூன்றாவது அதற்குப் பின் வந்தவை. கதவுக்கு ஒரு கண்ட்ரோல் யூனிட், சீட்டுக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று, இவை எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கும். பேச்சு நின்றால் வண்டியும் நிற்கும்.

இந்தப் பிரிவு ஏன் முக்கியம் என்றால், இரும்பு ஓடித்தான் தேயும்; ரப்பரும் பிளாஸ்டிக்கும் சும்மா இருந்தே கெடும். தேய்ந்த சிலிண்டரை லேத்தில் போர் போட்டு அடுத்த அளவு பிஸ்டன் போடலாம். பிரேக் டிரம்மைக் கடையலாம். முன்சக்கரம் திரும்பும் அச்சிலுள்ள கிங்பின் புஷ்ஷை நல்ல டர்னர் ஒருவர் உட்கார்ந்து செய்து கொடுத்துவிடுவார். ஆனால் வெடித்த ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியையும், நொறுங்கிப்போன ஒயரிங் கனெக்டரையும், மங்கிப்போன டிஜிட்டல் மீட்டரையும் எந்த லேத்திலும் செய்ய முடியாது. 1990-களின் முற்பகுதியில் வந்த மெர்சிடிஸ் கார்கள் சிலவற்றில், மண்ணில் மக்கக்கூடிய பொருளை ஒயரின் மேல்உறையாகப் போட்டார்கள். நோக்கம் நல்லதுதான். அது காருக்குள் இருக்கும்போதே மக்கத் தொடங்கிவிட்டது. எஞ்சின் கல்லு மாதிரி நன்றாக இருக்கும், அதன் மேலே போகிற ஒயரைத் தொட்டால் உறை பொடியாக உதிரும்.

மூன்றாம் தலைமுறைக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1996 முதல் விற்ற எல்லாக் கார்களிலும், ஐரோப்பாவில் 2001 முதல் பெட்ரோல் கார்களிலும், வண்டியின் கோளாறைப் படிக்க உதவும் ஒரே மாதிரியான ஓபிடி சாக்கெட் கட்டாயமானது. கையடக்கமான ஸ்கேனரைச் செருகினால் எந்த சென்சார் முறையிடுகிறது என்று வண்டியே சொல்லிவிடும். அதற்கு முந்தைய வண்டிகளில் கம்பெனிக்கு ஒரு சாக்கெட், கம்பெனிக்கு ஒரு மொழி. நோய் என்ன என்று தெரிவது ஒன்று, மருந்து கிடைப்பது வேறு என்பதை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும்.

பழைய கார் ஒன்று மட்டும்

படத்தில் பார்க்க இதைவிட அழகான வாழ்க்கை இல்லை. வாழ்ந்து பார்த்தால் காருக்கு நாமும் ஓர் உதிரி பாகம் என்பது புரியும்.

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலையே எடுத்துக்கொள்வோம். பாகங்கள் இவ்வளவு எளிதாகக் கிடைக்கும் பழைய கார் உலகத்தில் குறைவு. 1938-இல் தொடங்கி 2003 ஜூலையில் மெக்சிகோவின் புவேப்லா ஆலையில் கடைசி வண்டி இறங்கும் வரை 2 கோடியே 15 லட்சம் செய்திருக்கிறார்கள். ஆனாலும் ஏறக்குறைய 5,000 கி.மீ.க்கு ஒருமுறை வால்வு இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். அதுவும் எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், அதாவது ராத்திரி நிறுத்தி காலையில் பார்க்க வேண்டும். கீழே படுத்து, வால்வு மூடியைப் பிடித்திருக்கும் கம்பிக் கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் மூடி கையோடு வரும். உள்ளே தேங்கிய எண்ணெய் முழங்கை வழியாக இறங்கும். இடைவெளி அளக்கும் 0.15 மி.மீ. தகடான ஃபீலர் கேஜை, வால்வை அழுத்தும் ராக்கருக்கும் வால்வு நுனிக்கும் நடுவே விட்டால் லேசாகப் பிடித்து இழுபட வேண்டும். இறுகிப்போயிருந்தால் வால்வு சரியாக மூடவில்லை என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு கருகும். அதிலும் மூன்றாம் சிலிண்டர் மேல் தனிக் கண் வேண்டும். பழைய அமைப்பில் ஆயில் கூலர் காற்றாடிக் கூட்டுக்குள்ளேயே நின்று, அந்தச் சிலிண்டருக்குப் போகும் காற்றை மறைக்கிறது. ஆயில் ஃபில்டர் என்று தனியாக ஒன்றும் கிடையாது, ஒரு கம்பி வலைதான். அதனால் ஆயிலை அடிக்கடி மாற்றியே தீர வேண்டும்.

இதைப் படித்துவிட்டு "நல்ல பொழுதுபோக்காக இருக்கிறதே" என்று தோன்றினால் நீங்கள் இந்த வழிக்குப் பொருத்தமானவர். "இதற்கு ஒரு மெக்கானிக் இருப்பாரே" என்று தோன்றினால் பொருத்தமில்லை. பாயிண்ட் இடைவெளி வைக்கத் தெரிந்த மெக்கானிக்குகள் வயதாகி ஓய்வு பெறுகிறார்கள். அவர்களிடம் வேலை கற்றவர்கள் ஸ்கேனர் பிடிக்கப் போய்விட்டார்கள். கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்து, ஃப்ளோட் மட்டத்தைச் சரிபார்த்து மாட்டுகிற வேலை நமக்கே தெரிந்திருந்தால் ஒழிய, ஒரே வாகனமாக இதை நம்ப முடியாது.

இன்றைய எரிபொருளும் இந்த வண்டிகளுக்கு ஒத்துவருவதில்லை. அந்தக் காலத்துப் பெட்ரோலில் இருந்த ஈயம் வால்வு உட்காரும் இடத்துக்கு மெத்தை போல இருந்தது. ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியாவிலும் 2021-இல் அது நின்றுவிட்டது. மிதமாக ஓட்டினால் பாதிப்பு மெதுவாகத்தான் தெரியும், நெடுஞ்சாலையில் மிதித்து ஓட்டினால் சீக்கிரம் தெரியும். ஹெட்டை இறக்கும் வாய்ப்பு வரும்போது கடின வால்வு சீட் போட்டுவிட்டால் அந்தக் கவலை தீரும். அதைவிடக் கவனம் வேண்டியது இன்றைய பெட்ரோலில் கலந்துவரும் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸை அது உள்ளிருந்து ஊறவைத்து இளக்கும், காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். எரிபொருள் ஹோஸ் வெளியே பார்க்கப் பளபளவென்று இருக்கும், வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். சூடான எக்ஸாஸ்டுக்கு மேலே போகிற ஹோஸில் வெடிப்பு என்றால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. வண்டி வாங்கியதும் எத்தனால் தாங்கும் ஹோஸாக மொத்தத்தையும் மாற்றிவிடுங்கள்.

பாதுகாப்பைப் பற்றிப் பழைய கார்க்காரர்கள் பேசத் தயங்குவார்கள். "அந்தக் காலத்துத் தகடு, டேங்க் மாதிரி" என்று தட்டிக் காட்டுவார்கள். 2009-இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 1959-ஆம் ஆண்டு செவர்லே பெல் ஏர் ஒன்றையும் 2009-ஆம் ஆண்டு செவர்லே மாலிபு ஒன்றையும் நேருக்கு நேர், முன்பக்கத்தின் ஒரு பகுதி மட்டும் படும்படி, மணிக்கு சுமார் 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டது. பெல் ஏரின் பயணிகள் அறையே மடிந்து, ஸ்டியரிங் ஓட்டுநர் பொம்மையின் மேல் ஏறிவிட்டது. மாலிபுவின் அறை அப்படியே நின்றது. தகட்டின் தடிமனை நம்பி ஒன்றும் ஆவதில்லை; எது மடங்க வேண்டும், எது மடங்கக் கூடாது என்று யாராவது கணக்குப் போட்டிருக்க வேண்டும். மூன்று முனை சீட் பெல்ட்டை வால்வோவின் நில்ஸ் போலின் கொண்டுவந்ததே 1959-இல்தான். அதற்கு முந்தைய வண்டியில், ஏன் அதற்குப் பிந்தைய பலவற்றிலும், குழந்தை இருக்கையைக் கட்ட ஒழுங்கான இடம் இருக்காது. சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் இது ஒன்றே போதும் இந்த வழியை அடித்துவிட.

தனியாள், தினமும் கொஞ்ச தூரம், மாற்று வழி கைவசம் உண்டு, கையில் எண்ணெய் படுவது பிடிக்கும். இந்த நான்கும் இருந்தால் தாராளமாகப் போங்கள்.

தினசரிக்கு ஒன்று, ஆசைக்கு ஒன்று

இடமும் பணமும் இருப்பவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான். பழைய வாகனச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிவா, வரலாற்று வாகனம் என்றால் குறைந்தது 30 வயது ஆகியிருக்க வேண்டும், சரியான நிலையில் பேணப்பட்டிருக்க வேண்டும், தினசரிப் போக்குவரத்துக்குப் பயன்படக் கூடாது என்கிறது. அந்தக் கணக்குப்படி இது ஒன்றுதான் முறையான வழி.

இதில் இருக்கும் சிக்கல் யாரும் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வருகிறது. ஓட்டிக் கெடுகிற கார்களைவிட நிறுத்திக் கெடுகிற கார்கள் அதிகம். இரண்டு மாதம் தொடாமல் விட்டால் பேட்டரி இறங்கும், பெட்ரோல் வாசனை மாறும், கார்புரேட்டரின் அடியில் கோந்து படியும். பிரேக் ஆயில் ஈரத்தைக் குடிக்கும். டாட் 4 என்ற வகைப் பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறிய பின் 155 டிகிரி வரை இறங்கலாம். அந்த ஈரம் வீல் சிலிண்டருக்குள் துருவாக உட்காரும். மறுபடி ஓட்ட எடுக்கும் அன்று ஒரு சக்கரம் மட்டும் பிரேக் பிடித்தபடியே வரும். டயரில் பட்டை ஆழமாக இருக்கும், ரப்பர் கட்டையாகியிருக்கும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கிறதல்லவா, முதல் இரண்டு இலக்கம் செய்த வாரத்தைச் சொல்லும், அடுத்த இரண்டும் வருடத்தைச் சொல்லும். 2314 என்றால் 2014-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. பத்து வருடம் தாண்டிய டயர் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் கழற்றி எறியுங்கள். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். அந்த வண்டியை ஓட்டிப் பார்க்கவே சம்மதிக்காதீர்கள்.

ஆகவே இந்த வழிக்கு இடம், பணம் தவிர மூன்றாவதாக வழக்கமும் வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது எடுத்து, எஞ்சின் முழுச் சூடு ஏறும் வரை ஓட்ட வேண்டும். வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது ஓட்டாமல் விடுவதைவிட மோசம். ஆயிலிலும் சைலன்சரிலும் தண்ணீர் தங்குவதுதான் மிச்சம்.

ஆசைக் காராக எதை எடுப்பது என்றால் என் ஓட்டு முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5-க்கு, அதாவது 1989-இல் வந்த வடிவத்துக்கு. டன்னுக்குள் எடை, பின்சக்கர ஓட்டம், சிக்கலில்லாத இன்ஜெக்ஷன். எம்எக்ஸ்-5 வரிசை 2016-இல் பத்து லட்சத்தைத் தாண்டியது, அதனால் பாகத்துக்குப் பஞ்சமில்லை. அபூர்வமான காரை வாங்காதீர்கள். அபூர்வமான கார் என்றால் அபூர்வமான கண்ணாடி, அபூர்வமான கதவு ரப்பர், அபூர்வமான டெயில் லேம்ப். சிட்ரோயன் டிஎஸ் போன்ற அதிசயத்தின் மேல் மனம் போகும், எனக்கும் போகும். 1955-இலேயே ஹைட்ராலிக் அழுத்தத்தில் மிதந்த கார் அது. ஆனால் தொடக்க கால வண்டிகளில் ஓடியது சிவப்பு ஆயில், பின்னர் வந்தவற்றில் பச்சை ஆயில். ஒன்றுக்குள் மற்றதை ஊற்றினால் சீல் எல்லாம் போய்விடும். தெரியாத கையில் ஒருமுறை விட்டாலே போதும்.

பழசும் உழைப்பும் சேர்ந்த வண்டி

இங்கேதான் என் சாய்வு. ஒரே இடம், ஒரே வண்டி, ஆனாலும் மனம் பழசைக் கேட்கிறது என்றால், பிறக்கும்போதே வேலைக்காகப் பிறந்த பழைய வண்டியைத் தேடுங்கள். ஸ்போர்ட்ஸ் காரை வரைந்தவர் தோற்றத்தை நினைத்தார். வேன், எஸ்டேட் (கூரை பின்னால் வரை நீண்டு, பெரிய பின்கதவு உள்ள கார்), ஜீப் வகையை வரைந்தவர் அதை ரிப்பேர் செய்யப் போகிறவரையும் நினைத்தார். முப்பது வருடம் கழித்து நமக்குக் கிடைப்பது அந்த நினைப்பின் பலன்.

வால்வோ 240 எஸ்டேட்டைப் பாருங்கள். 1974 முதல் 1993 வரை பெரிய மாற்றமில்லாமல் வந்தது. பானெட்டைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றிலும் கை நுழைய இடம் இருக்கும். பிற்கால வண்டிகளில் வந்த பி230 எஞ்சினில் டைமிங் பெல்ட் அறுந்தாலும் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளாது. வண்டி நிற்கும், புது பெல்ட் போட்டால் ஓடும். இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் அதே விபத்து எஞ்சினையே முடித்துவிடும். பின்சீட்டை மடித்தால் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். குறை இல்லாமல் இல்லை. 1980-களின் முற்பகுதியில் வந்தவற்றில் எஞ்சின் ஒயரிங்கின் உறை உதிரும், அந்தப் பழைய கதைதான். வாங்குமுன் அது மாற்றப்பட்டதா என்று பாருங்கள்.

மெர்சிடிஸ் டபிள்யூ 123 இதற்கு நெருங்கிய உறவு. 1976-இல் வந்து பத்து வருடத்தில் ஏறக்குறைய 27 லட்சம் விற்ற குடும்பம். அதில் 240 டீசலுக்குப் பிற்காலத்தில் 72 குதிரைத்திறன். நூறு கி.மீ. வேகம் தொட இருபது விநாடிக்கு மேல் ஆகும். ஓவர்டேக் செய்வதை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். அந்த டீசல் எஞ்சினின் இன்ஜெக்ஷன் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். ஒருமுறை ஓடத் தொடங்கினால் அதற்கு மின்சாரமே தேவையில்லை. சாவியைத் திருப்பி அணைக்கும்போது ஒரு வேக்யூம் குழாய்தான் போய் பம்பை நிறுத்தச் சொல்கிறது. அந்தக் குழாயில் எங்காவது ஓட்டை விழுந்தால் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பீர்கள், எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பானெட்டைத் திறந்து, 'ஸ்டாப்' என்று எழுதிய சின்ன நெம்புகோலை அழுத்தினால் அடங்கும். கதவு லாக்கும் அதே வேக்யூமில் வேலை செய்வதால், கதவு சரியாகப் பூட்டாத நாளில் எஞ்சினும் அணையாது. ரப்பர் இணைப்புகளை வரிசையாக மாற்றினால் இரண்டும் ஒன்றாகக் குணமாகும். ஒரு பழைய வண்டியிடம் இந்த மாதிரிக் கோளாறைத்தான் நான் எதிர்பார்ப்பேன்: காரணம் கண்டுபிடிக்கலாம், மருந்து மலிவு, அதுவரை வண்டி வீடு வந்து சேரும்.

இதன் எஸ்டேட் வடிவத்தில் பின்பக்கம் பாரத்துக்கு ஏற்பத் தன்னை உயர்த்திக்கொள்ளும் சஸ்பென்ஷன் உண்டு. அதிலுள்ள வாயு உருண்டைகள் செத்துப்போனால் பின்பக்கம் மரக்கட்டை போல் குதிக்கும். ஓட்டிப் பார்க்கையில் வேகத்தடையில் கவனித்தால் தெரிந்துவிடும்.

சின்னதாக வேண்டும் என்றால் ரெனோ 4. 1961-இல் வந்து 80 லட்சத்துக்கு மேல் விற்றது. தட்டையான தரை, பெரிய பின்கதவு, டேஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கியர் கம்பி. இதன் முன், பின் சக்கரங்களுக்கு நடுவிலுள்ள தூரம் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றல்ல, 48 மி.மீ. வித்தியாசம். பின்பக்கத்து டார்ஷன் பார்கள், அதாவது முறுகி ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பிகள், இரண்டும் குறுக்கே ஒன்றன் பின் ஒன்றாக வைக்கப்பட்டதால் வந்த விளைவு. அளந்து பார்த்துவிட்டு வண்டி அடிபட்டிருக்கிறது என்று விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

கரடுமுரடான பாதை என்றால் டொயோட்டா லேண்ட் குரூசர் 70 வரிசை, 1984-இல் வந்தது, அல்லது ஹைலக்ஸ். இரண்டுக்கும் எங்கே போனாலும் பாகமும் ஆளும் கிடைக்கும். பழைய லேண்ட் ரோவர் அழகில் இரண்டையும் தோற்கடிக்கும். 1948-இல் எஃகுத் தட்டுப்பாடு காரணமாக உடலை அலுமினியத்தில் செய்தார்கள். அதைப் பார்த்து இது துருப்பிடிக்காத வண்டி என்று ஏமாறுகிறவர்கள் உண்டு. கீழே சேசிஸும், எஞ்சினுக்கும் கால் வைக்கும் இடத்துக்கும் நடுவே தடுப்பாக நிற்கும் பல்க்ஹெட்டும் எஃகுதான். அவை இரண்டும் நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் போல்ட் கழற்றி மாட்டுகிற வேலை. அவை போயிருந்தால் நீங்கள் வாங்குவது ஒரு அலுமினியப் பெட்டி.

உழைத்த வண்டிகளுக்கே உரிய ஆபத்து, அவை நிஜமாகவே உழைத்திருக்கும் என்பது. கராஜில் தூங்கிய எஸ்டேட் அரிது. பின்னால் இழுவைக் கொக்கி மாட்டிய தழும்பு, டிக்கித் தரையில் குழி, பின் ஸ்பிரிங்கில் தளர்ச்சி எல்லாம் பாருங்கள். மீட்டர் சொல்வதை விட பிரேக் பெடல் ரப்பரின் தேய்மானம் உண்மை பேசும்.

மலிவாகக் கிடைக்கும் பெரிய கார்

சுருக்கமாகச் சொல்கிறேன். பதினைந்து, இருபது வருடமான பெரிய ஜெர்மன் செடான் ஒன்று, புதிய சிறிய காரில் பாதி விலைக்கு வரும். ஏர் சஸ்பென்ஷன், எட்டு சிலிண்டர், ஏகப்பட்ட மோட்டார் வைத்த சீட். விலை குறைந்துவிட்டது, பாகத்தின் விலை குறையவில்லை. அது இன்னமும் புதுக்கார் வாங்கியவருக்கு வைத்த விலையிலேயே நிற்கும். மேலே சொன்ன பிளாஸ்டிக், ரப்பர், கண்ட்ரோல் யூனிட் மூன்றும் ஒரே சமயத்தில் முடிவுக்கு வரும் வயது இது. பழைய கார் என்ற மரியாதையும் இன்னும் வரவில்லை, அதனால் பாகங்களை மறுபடி தயாரிக்க யாரும் முன்வருவதில்லை. இரண்டாவது வண்டியாக, கண் திறந்து, கெட்டால் விட்டுவிடலாம் என்ற மனத்தோடு வாங்குகிறவரைத் தடுக்க மாட்டேன். ஒரே வண்டியாக வேண்டவே வேண்டாம். அதே வயதில் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினும் மேனுவல் கியரும் உள்ள சாதாரண ஜப்பானியக் கார் கிடைத்தால் அது வேறு கதை, அதை வாங்கி நிம்மதியாக ஓட்டலாம்.

ஆசையில்லாத உருப்படியான வண்டி

கார்ப் பைத்தியங்கள் இதைக் கேவலமாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. நன்றாக யோசித்துச் செய்த வேலை வண்டியில் இருக்கும் புத்திசாலித்தனம் பல ஸ்போர்ட்ஸ் கார்களில் இல்லை. 2001-இல் வந்த ஹோண்டா ஜாஸ் ஒரு சான்று. பெட்ரோல் டேங்கைப் பின்சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்து முன்சீட்டுக்கு அடியில் வைத்தார்கள். அதனால் பின்சீட்டின் அடிப்பலகையை மேலே மடித்து, உயரமான செடித்தொட்டியை நேராக நிற்கவைத்துக் கொண்டுபோகலாம். சின்னக் கார், உள்ளே மட்டும் பெரியது. 1996-இல் வந்த சிட்ரோயன் பெர்லிங்கோ, அடுத்த வருடம் வந்த ரெனோ காங்கூ ஆகியவை சரக்கு வேனுக்கு ஜன்னலும் சீட்டும் வைத்த மாதிரி இருக்கும். குடும்பத்தோடு சைக்கிளையும் ஏற்றிப் போகிறவருக்கு அதைவிட நல்லது கிடையாது.

இந்த வகையில் ஏமாற்றுவது உயரமான எஸ்யூவி. வெளியே பார்க்க மலை, டிக்கியைத் திறந்தால் தரை இடுப்பு உயரத்தில் இருக்கும், பின்கண்ணாடி சரிந்து இறங்கிப் பெட்டியின் மேல்பகுதியைத் தின்றுவிடும். அதே நீளமுள்ள எஸ்டேட்டில் சரக்கை முழங்கால் உயரத்தில் தள்ளிவிடலாம். பிக்கப்பும் அப்படித்தான். மணலும் மரமும் தினம் ஏற்றுகிறவருக்கு அது சரி. மற்றவர்களுக்கு மழையில் நனையும் டிக்கி. ஷோரூமுக்குப் போகும்போது டேப் எடுத்துப் போங்கள். பின்சீட்டை மடித்தபின் தரை தட்டையாக இருக்கிறதா, விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம், கதவுத் திறப்பின் குறுகலான அகலம் எவ்வளவு, இந்த மூன்றும் போதும். லிட்டர் கணக்கில் அச்சடித்த கொள்ளளவில் கூரை வரைக்கும் உள்ள காற்றும் சேர்ந்திருக்கும்.

பழைய மின்சாரக் கார் வாங்குவதென்றால் முதலில் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் உண்டா என்று கேளுங்கள். 2010-இல் வந்த நிசான் லீஃபில் அது இல்லை. வெயில் அதிகமான இடங்களில் அதன் பேட்டரி சீக்கிரம் தளர்ந்தது. கி.மீ. கணக்கை விட மிச்சமிருக்கும் பேட்டரி திறனைத்தான் பார்க்க வேண்டும்.

தீர்மானிக்கும்போது

இடம் ஒன்று, பிள்ளைகள் சின்னவர்கள், கையில் ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை என்றால் ஐந்தாவது வழி. ஆசையை இரண்டு வருடம் தள்ளிவையுங்கள், பழைய கார் ஓடிப்போகாது. இடம் ஒன்றுதான், ஆனால் கை ஓடும், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்றால் மூன்றாவது வழி. அதிலும் இரண்டாம் தலைமுறை வண்டி: மூன்று முனை பெல்ட் நான்கு சீட்டுக்கும் இருக்க வேண்டும், ஏபிஎஸ் இருந்தால் நல்லது, கம்ப்யூட்டர் இரண்டுக்கு மேல் வேண்டாம். இடம் இரண்டு என்றால் சலிப்பான வண்டியை முதலில் வாங்குங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆசைக் காரை முதலில் வாங்கிவிட்டு, அதையே மழையிலும் நெரிசலிலும் ஓட்டி, வெறுத்துப்போய் நஷ்டத்தில் விற்கிறார்கள்.

எந்தப் பழைய வண்டியானாலும் பார்க்கும் வரிசை ஒன்றுதான்: முதலில் துரு, அடுத்து உள்ளலங்காரம், கடைசியில் எஞ்சின். எல்லோரும் எஞ்சினைத்தான் முதலில் கேட்டுப் பார்ப்பார்கள். எஞ்சின் வேலை தெரிந்தவர் எங்கும் கிடைப்பார். துருப்பிடித்த அடிக்கட்டை வேலைக்கு எல்லை கிடையாது. சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவுக்குக் கீழுள்ள விளிம்பு, சக்கர வளைவு, ஸ்டெப்னி குழி, ஜாக்கி வைக்கும் இடம் என்று வைத்துக்கொண்டே வாருங்கள். காந்தம் பிடிக்காத இடத்தில் பட்டி பார்த்திருக்கிறார்கள். ஓரிடத்தில் இருந்தால் டிங்கரிங் வேலை என்று பேசித் தீர்க்கலாம். விளிம்பு நெடுகப் பிடிக்கவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். விற்பவர் நீங்கள் வருமுன் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆவதைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை நிற்காமல், இனிப்பு வாசனையும் அடித்தால் கூலண்ட் எரிகிறது.

வாங்கிய வண்டிக்குச் செலவு செய்யும் வரிசையும் முக்கியம். பிரேக் ஹோஸும் ஆயிலும், டயர், எரிபொருள் ஹோஸ், கூலிங் சிஸ்டம், டைமிங் பெல்ட், பேட்டரி எர்த். இவை முடியும் வரை பெயிண்ட் பக்கம் போகாதீர்கள், குரோம் பம்பர் எவ்வளவு மலிவாக வந்தாலும் சரி.